செவிநரம்பின் ஒழுங்கற்ற துடிப்புகள்: ஒலியைக் குறியாக்குவதில் இரைச்சலின் பங்கு

ஒலி எதுவும் எட்டாத நேரத்திலும் செவிநரம்பு சும்மா இருப்பதில்லை. மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட பூனையை ஒலித்தடுப்பு அறையில் வைத்து, அதன் செவிநரம்பிலுள்ள ஒற்றை இழையில் நுண்ணிய மின்முனையைப் பொருத்திப் பதிவு செய்தால், அந்த இழை விநாடிக்கு 50, 60 மின்துடிப்புகளைத் தன்பாட்டில் அனுப்பிக்கொண்டிருப்பதைக் காணலாம். பாஸ்டன் நகரில் நெல்சன் கியாங்கும் அவருடைய குழுவினரும் இத்தகைய பதிவுகளை விரிவாகச் செய்து 1965இல் நூலாக வெளியிட்டனர். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலுள்ள நேரத்தில் எந்த ஒழுங்கும் இல்லை என்பதும், அடுத்த துடிப்பு எப்போது எழும் என்பதை முந்தையவற்றைக் கொண்டு கணிக்க இயலாது என்பதும் அவற்றிலிருந்து தெளிவாயின. ஒரே ஒலியை ஒரே அளவில் இருமுறை ஒலிக்கச் செய்தாலும், ஓர் இழை இருமுறையும் ஒரே வரிசையில் துடிப்பதில்லை.

ஒலியோடு தொடர்பில்லாமல் தற்செயலாக நிகழும் இந்த ஏற்ற இறக்கத்தையே இக்கட்டுரையில் இரைச்சல் என்று குறிப்பிடுகிறேன். தெருவில் கேட்கும் கூச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓர் அளவுகருவி இப்படி நடந்துகொண்டால் அதைப் பழுதுபார்க்க அனுப்பிவிடுவோம். ஆனால் செவிநரம்பைப் பொறுத்தவரை, இந்த ஒழுங்கின்மை முற்றிலும் நீங்கிவிட்டால் நாம் கேட்கும் ஒலியின் தரம் உயர்வதற்குப் பதிலாகக் குறைந்துவிடும் என்று கருதுவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

அதைப் புரிந்துகொள்ள, ஒலி நரம்பை அடையும் பாதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செவிப்பறையின் அதிர்வு மூன்று சிற்றெலும்புகள் வழியாக, காக்லியா எனப்படும் நத்தைச்சுருளுக்குள் இருக்கும் திரவத்தைச் சென்றடைகிறது. அங்கே நீண்டு கிடக்கும் அடித்தளச் சவ்வின் ஒவ்வொரு பகுதியும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மிகுதியாக அசைகிறது. நுழைவாயிலை ஒட்டிய பகுதி கீச்சொலிக்கும், சுருளின் உச்சி தாழ்ந்த ஒலிக்கும் உரியவை. சவ்வின் மேல் வரிசையாக அமைந்துள்ள உள் மயிர்செல்கள் இந்த அசைவை மின்மாற்றமாக்குகின்றன. மனிதக் காது ஒன்றில் இத்தகைய செல்கள் ஏறத்தாழ 3,500 மட்டுமே. செவிநரம்பு இழைகளோ ஏறத்தாழ 30,000. ஒவ்வோர் இழையும் பெரும்பாலும் ஒரே ஒரு மயிர்செல்லைத் தொடுகிறது; ஒவ்வொரு மயிர்செல்லையும் பத்து அல்லது அதற்கும் மேற்பட்ட இழைகள் தொட்டிருக்கின்றன.

ஓர் இழைக்குத் தெரிந்த மொழி மிகவும் வறியது. துடிப்பு உண்டு அல்லது இல்லை என்பதற்கு அப்பால் அதனால் எதையும் சொல்ல முடியாது. பாதித் துடிப்பு, பெரிய துடிப்பு என்று எதுவும் கிடையாது. ஒருமுறை துடித்தபின் ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி அது ஓய்ந்தே இருக்க வேண்டும். எவ்வளவு பலத்த ஒலியானாலும், விநாடிக்குச் சில நூறு துடிப்புகளுக்கு மேல் தொடர்ந்து அனுப்ப அதனால் இயலாது. நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் காதை வலிக்கச் செய்யும் ஒலிக்கும் இடையே சுமார் 120 டெசிபல், அதாவது காற்றழுத்தத்தில் பத்து லட்சம் மடங்கு, வேறுபாடு இருக்கிறது. இவ்வளவு பரந்த உலகை இவ்வளவு முரட்டுத்தனமான கம்பிகள் எப்படி நுட்பமாக எடுத்துச்செல்கின்றன என்பதே இங்குள்ள கேள்வி.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெப்பத்தின் காரணமாக எல்லா மூலக்கூறுகளும் ஓயாமல் அலைகின்றன. மயிர்செல்லின் தலையில் நிற்கும் நுண்மயிர்க் கற்றையையும் இந்த பிரௌனியன் இயக்கம் சில நானோமீட்டர் அளவுக்கு அசைத்துக்கொண்டே இருக்கிறது. நம் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலி அடித்தளச் சவ்வை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரமே நகர்த்துகிறது என்பதோடு இதை ஒப்பிட்டால், செய்தியும் இரைச்சலும் தொடக்கத்திலேயே ஒரே அளவில் கலந்து கிடப்பது விளங்கும். இதைவிடப் பெரிய ஊற்று அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மயிர்செல்லும் நரம்பிழையும் சந்திக்கும் இணைப்பில், கால்சியம் உள்ளே வருவதற்கான வாயில்கள் ஒலி இல்லாதபோதும் தற்செயலாகத் திறந்து மூடுகின்றன. அவ்வாறு திறக்கும்போது, குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளைத் தாங்கிய நுண்பைகள் உடைந்து அதை வெளியே விடுகின்றன. அது இழையில் ஒரு துடிப்பை எழுப்பிவிடுகிறது. ஒலி வரும்போது புதிதாக எதுவும் தொடங்குவதில்லை. ஏற்கெனவே தற்செயலாக நடந்துகொண்டிருக்கும் இந்த நிகழ்வின் வாய்ப்பு ஒலியலையின் ஏற்றத்தில் கூடுகிறது, இறக்கத்தில் குறைகிறது, அவ்வளவுதான்.

ஓர் இழையின் தற்செயல் மற்றோர் இழையின் தற்செயலோடு தொடர்புடையதா என்ற கேள்வி மிக முக்கியமானது. டான் ஜான்சனும் கியாங்கும் பூனையின் செவிநரம்பு இழைகளை இரண்டிரண்டாக ஒரே நேரத்தில் பதிவு செய்து, அவற்றின் தன்னியல்புத் துடிப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்று 1976இல் காட்டினர். ஒவ்வோர் இணைப்பும் தனக்கென்று தனி இரைச்சலை வைத்திருக்கிறது. இந்தத் தனித்தன்மையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வருவன பலவும் அதன்மேல்தான் நிற்கின்றன.

இரைச்சல் எவ்வாறு உதவக்கூடும் என்பதற்கு ஒரு தராசை எடுத்துக்கொள்வோம். அது முழுக் கிலோவை மட்டுமே காட்டும். அரைக் கிலோவுக்குக் குறைந்தால் 0, அதைத் தாண்டினால் 1 என்று காட்டும். 300 கிராம் பருப்பை வைத்தால் 0 என்கிறது. 400 கிராம் வைத்தாலும் 0 என்கிறது. நூறு முறை நிறுத்தாலும் விடை மாறாது, இரண்டுக்கும் வேறுபாடும் தெரியாது. இப்போது தராசுத் தட்டை யாரோ ஆட்டிவிடுகிறார் என்றும், அந்த ஆட்டம் எடையை அரைக் கிலோ வரை கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்றும், அந்த எல்லைக்குள் எந்த அளவும் சம வாய்ப்போடு வரும் என்றும் கொள்வோம். 300 கிராம் பருப்பு 500 கிராம் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் ஆட்டம் 200 கிராமுக்கு மேல் கூட்ட வேண்டும். அது நூற்றுக்கு 30 முறை நிகழும். 400 கிராமுக்கு நூற்றுக்கு 40 முறை நிகழும். அளவீடுகளின் சராசரியை எடுத்தால் 0.3 கிலோ, 0.4 கிலோ என்று சரியான விடையே வந்துவிடுகிறது. ஆடாத தராசு ஒருபோதும் தராத செய்தியை ஆடுகிற தராசு தருகிறது. ஆட்டம் பல கிலோ அளவுக்குப் பெருகிவிட்டாலோ, சராசரி நிலைபெறுவதற்கு மிகப்பல முறை நிறுக்க வேண்டியிருக்கும். அப்போது ஆட்டம் உதவியாக இல்லாமல் தொல்லையாகிவிடும்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. ஒலிப்பதிவையும் படங்களையும் எண்களாக மாற்றும் பொறியாளர்கள், குறைந்த படிநிலைகளால் ஏற்படும் சிதைவைத் தவிர்க்க, வேண்டுமென்றே சிறிது இரைச்சலைச் சேர்க்கும் டித்தரிங் என்ற உத்தியைப் பல பத்தாண்டுகளாகக் கையாண்டு வருகின்றனர்.

காதுக்கும் தராசுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. தராசில் ஒரே பருப்பை நூறு முறை நிறுக்க நமக்கு நேரம் இருக்கிறது. பேச்சில் ஒரு மெய்யெழுத்து சில பத்து மில்லிவிநாடிகளில் கடந்துபோய்விடுகிறது. எனவே காது, ஒரே இழையைப் பலமுறை கேட்பதற்குப் பதிலாக, பல இழைகளை ஒரே நேரத்தில் கேட்கிறது. ஒரே மயிர்செல்லைத் தொட்டிருக்கும் பத்துப் பதினைந்து இழைகளும், பக்கத்துச் செல்களைத் தொட்டிருப்பவையும், ஒரே ஒலியைப் பற்றித் தனித்தனியே வாக்களிக்கின்றன. இவற்றின் இரைச்சல் ஒன்றையொன்று சாராததால், கூட்டிப் பார்க்கும்போது இரைச்சல்கள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, பொதுவான ஒலிச்செய்தி மட்டும் வலுப்பெறுகிறது. எல்லா இழைகளுக்கும் ஒரே இரைச்சல் பொதுவாக இருந்திருந்தால், எத்தனை ஆயிரம் இழைகளைக் கூட்டினாலும் அது குறைந்திராது.

அதிர்வெண்ணைக் குறிப்பதில் இந்தத் தற்செயலின் பங்கு இன்னும் சுவையானது. ஓர் இழையால் ஒலியலையின் ஒவ்வொரு முகட்டுக்கும் துடிக்க இயலாதபோது, பல இழைகள் முறைமாற்றித் துடித்து அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற கருத்தை எர்னஸ்ட் வீவரும் சார்லஸ் பிரேயும் 1930இல் முன்வைத்தனர். ஆனால் இழைகள் முறைமாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்பவர் யார்? 2,000 ஹெர்ட்ஸ் ஒலியில் முகடுகள் அரை மில்லிவிநாடிக்கு ஒருமுறை வருகின்றன. இரைச்சலே இல்லாத, எல்லா வகையிலும் ஒத்த பதினைந்து இழைகளை இந்த ஒலிக்கு உட்படுத்துவதாகக் கொள்வோம். முதல் முகட்டில் பதினைந்தும் துடிக்கும்; அடுத்த முகட்டில் பதினைந்தும் ஓய்ந்திருக்கும்; மூன்றாவதில் மீண்டும் பதினைந்தும் துடிக்கும். மூளைக்குப் போய்ச்சேரும் செய்தி 1,000 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் வேறொரு சுரம். இழைகளின் எண்ணிக்கையை ஆயிரமாக்கினாலும் பிழை மாறாது, எல்லாம் சேர்ந்தே தவறு செய்யும்.

உண்மையான இழைகள் அப்படி நடந்துகொள்வதில்லை. எந்த முகட்டில் துடிப்பது என்பது ஒவ்வோர் இழைக்கும் தற்செயலாகவே அமைகிறது. ஒன்று முதல் முகட்டில் துடித்து நான்கைத் தாண்டிவிடும், மற்றொன்று மூன்றாவதில் தொடங்கும். ஆனால் துடிக்கும்போது அலையின் ஏறத்தாழ அதே கட்டத்தில்தான் துடிக்கும். எந்த முகடு என்பதில் ஒழுங்கின்மையும், முகட்டின் எந்த இடம் என்பதில் ஒழுங்கும் சேர்ந்திருப்பதால், எல்லா இழைகளின் துடிப்புகளையும் ஒரே காலக்கோட்டில் குவித்தால் ஒரு முகடும் விடுபடாமல் 2,000 ஹெர்ட்ஸ் அலை முழுமையாக எழுந்து நிற்கிறது. இழைகளுக்கு முறை ஒதுக்கித்தரும் மேற்பார்வையாளர் தேவையில்லை. நுண்பை எப்போது உடையும் என்ற நிச்சயமின்மையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இந்தக் கட்டப் பிணைப்புக்கு எல்லை உண்டு. பூனையில் 1,000 அல்லது 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது அது தளரத் தொடங்கி, 5,000 ஹெர்ட்ஸ் அளவில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட ஒலிகளில், சவ்வின் எந்த இடம் அசைகிறது என்பதையே மூளை பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

ஓயாத தன்னியல்புத் துடிப்புகளுக்கு மற்றொரு பயனும் உண்டு. முற்றிலும் மௌனமாக இருக்கும் ஓர் இழையால் தன் துடிப்பைக் கூட்ட மட்டுமே முடியும்; குறைக்க எதுவும் இல்லை. விநாடிக்கு 60 முறை துடித்துக்கொண்டிருக்கும் இழை, அலையின் ஒரு பாதியில் கூட்டவும் மறுபாதியில் குறைக்கவும் முடியும். மிக மெல்லிய தாழ்ந்த ஒலி வரும்போது, துடிப்புகளின் மொத்த எண்ணிக்கை சற்றும் உயராமலே, அவை எழும் நேரங்கள் மட்டும் அலையின் ஒரு பாதியை நோக்கி நகரத் தொடங்குவதைப் பதிவுகளில் காண முடிகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இழை ஒலியைக் கேட்கவே இல்லை என்று தோன்றும்.

எல்லா இழைகளும் ஒரே அளவில் ஓயாமல் துடிப்பவை அல்ல. சார்லஸ் லிபர்மன் 1978இல் பூனையின் செவிநரம்பு இழைகளை மூன்று வகைகளாகப் பிரித்தார்: அமைதியில் விநாடிக்கு 18க்கு மேல் துடிப்பவை, அரைத் துடிப்புக்கும் குறைவானவை, இவற்றுக்கு இடைப்பட்டவை. முதல் வகையே பெரும்பான்மை, மிக மெல்லிய ஒலிக்கும் அதுவே முதலில் பதில் தருகிறது. ஏறக்குறைய மௌனமாக இருப்பவை பலத்த ஒலிக்கே விழித்தெழுகின்றன, ஆனால் ஒலி மேலும் உயரும்போது எளிதில் நிறைவடையாமல் நீண்ட வீச்சுக்குத் தொடர்ந்து பதிலளிக்கின்றன. மிகுந்த இரைச்சல் கொண்ட இழைகளே மிகுந்த நுண்ணுணர்வும் கொண்டவை என்பதைக் கண்டு, இரைச்சலே நுண்ணுணர்வுக்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடுவது அவசரம் என்றே நினைக்கிறேன். இணைப்பின் கால்சியம் வாயில்கள் எளிதில் திறக்கக்கூடியவையாக இருந்தால் இரண்டு பண்புகளும் சேர்ந்தே உண்டாகும். ஒன்று மற்றொன்றை விளைவிக்க வேண்டியதில்லை.

குறிப்பிட்ட அளவு இரைச்சல் சேரும்போது மெல்லிய செய்தி தெளிவாவதும், அந்த அளவைத் தாண்டினால் மீண்டும் மங்குவதுமான இந்த நிகழ்வுக்கு இயற்பியலில் ஸ்டொக்காஸ்டிக் ரெசொனன்ஸ், அதாவது தற்செயல் ஒத்ததிர்வு, என்று பெயர். அதன் பிறப்பிடம் காதன்று. பூமியில் பனியுகங்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதை விளக்குவதற்காக ரொபெர்ட்டோ பென்சி, அல்ஃபொன்சோ சுத்தேரா, ஆஞ்செலோ வுல்பியானி ஆகிய இத்தாலிய இயற்பியலாளர்கள் 1981இல் இக்கருத்தை முன்வைத்தனர். பனியுக ஆய்வைக் காட்டிலும் பிற துறைகளிலேயே அது வேரூன்றியது. 1993இல் ஃபிராங்க் மாஸ் உள்ளிட்ட குழுவினர் நன்னீர் இறாலின் வாலிலுள்ள அசைவுணரும் மயிர்களில் இவ்விளைவைக் காட்டினர். 1998இல் ஃபெர்னான் ஹராமியோவும் கர்ட் வீசன்ஃபெல்டும் தவளையின் உட்காதிலுள்ள மயிர்செல்களை ஆராய்ந்தபோது, செய்தி மிகத் தெளிவாகக் கடத்தப்படும் இரைச்சல் அளவு, நுண்மயிர்க் கற்றையின் இயல்பான பிரௌனியன் அசைவின் அளவை ஒத்திருப்பதைக் கண்டனர்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான ஐயம் எழுப்பப்பட்டது. எல்லைக்குக் கீழே கிடக்கும் செய்தியைத் தூக்கிவிடுவதுதான் இரைச்சலின் வேலை என்றால், எல்லையையே சற்றுத் தாழ்த்திவிட்டால் போதுமே, இரைச்சல் எதற்கு என்பதே அது. ஒற்றை உணரியைப் பொறுத்தவரை இந்த ஐயம் பெரிதும் சரி. ஆனால் ஒரே எல்லையைக் கொண்ட பல உணரிகள் அருகருகே இருக்கும்போது, எல்லையைத் தாழ்த்துவதால் அவை அனைத்தும் சேர்ந்து ஆம் என்றோ, சேர்ந்து இல்லை என்றோ மட்டுமே சொல்லும். இடைப்பட்ட அளவுகள் தெரியாது. தனித்தனி இரைச்சல் இருந்தால் நூறில் 30, நூறில் 70 என்று அவை பிரிந்து பதிலளிக்கும். எல்லையைத் தாண்டிய வலுவான செய்திக்கும் இந்த ஆதாயம் உண்டு என்று இங்கிலாந்தின் நைஜல் ஸ்டாக்ஸ் 2000இல் கணக்கிட்டுக் காட்டினார். பல இழைகள் ஒரே செல்லைத் தொடும் காதின் அமைப்புக்கு மிகவும் பொருந்துவது இந்த வடிவமே என்பது என் கருத்து.

இவ்வளவும் உண்மையானால், இரைச்சலை நீக்கிய செவிநரம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எங்காவது இருக்க வேண்டும். காக்லியர் இம்ப்ளாண்ட் அத்தகைய வாய்ப்பைத் தருகிறது. மயிர்செல்களை இழந்த காதில், நத்தைச்சுருளுக்குள் செலுத்தப்படும் மின்முனைகள் நரம்பிழைகளை நேரடியாகத் தூண்டுகின்றன. மயிர்செல்களோடு அவற்றின் இணைப்புகளும் போய்விட்டதால், அந்த நரம்பு ஒலியற்ற நேரத்தில் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறது. மின்துடிப்பு ஒன்றைச் செலுத்தினால், மின்முனைக்கு அருகிலுள்ள இழைகள் அனைத்தும் ஒரே கணத்தில் துல்லியமாகச் சேர்ந்து துடிக்கின்றன. மின்னோட்டத்தைச் சற்றுக் கூட்டினாலே துடிக்காமல் இருந்த இழை ஒவ்வொரு முறையும் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. இதனால், இயல்பான காதில் 120 டெசிபல் வரை விரிந்திருக்கும் கேட்பு வீச்சு, மின்தூண்டலில் பெரும்பாலும் 10 முதல் 20 டெசிபலுக்குள் அடங்கிவிடுகிறது. கருவியின் ஒலிமாற்றி வெளியுலகின் ஒலி வேறுபாடுகளையெல்லாம் இந்தக் குறுகிய இடைவெளிக்குள் அமுக்கித் திணிக்க வேண்டியிருக்கிறது.

இழந்த இரைச்சலைத் திரும்பக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களுள் ராபர்ட் மோர்ஸும் எட்வர்ட் எவன்ஸும் முன்னோடிகள். மின்தூண்டலோடு இரைச்சலைச் சேர்த்தால் உயிரெழுத்துகளின் ஒலிக்கூறுகள் நரம்பில் மேலும் நன்றாகப் பதிவாகும் என்று 1996இல் அவர்கள் காட்டினர். ஃபான்-காங் ஸெங்கும் மோர்ஸ் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், உரிய அளவு இரைச்சல் சேர்க்கப்பட்டபோது, இம்ப்ளாண்ட் பொருத்தியவர்களும் இயல்பான செவித்திறன் உள்ளவர்களும் தனியே கேட்காத மெல்லிய ஒலிகளைக் கண்டறிந்தனர்.

ஆயினும் கருவியில் இரைச்சலைச் சேர்ப்பதில் அடிப்படையான இடர்ப்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு மின்முனை வழியே செலுத்தப்படும் இரைச்சல், அதன் அருகிலுள்ள ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் ஒரே இரைச்சலாகவே போய்ச்சேர்கிறது. இன்றைய கருவிகளில் 12 முதல் 22 வரையிலான மின்முனைகளே பெரும்பாலும் உள்ளன. இயல்பான காதிலோ ஒவ்வோர் இழைக்கும் தனி இரைச்சல். இதைக் கடக்க ஜே ரூபின்ஸ்டைனும் பிளேக் வில்சன் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 1999இல் வேறொரு வழியை முன்மொழிந்தனர்: விநாடிக்கு 5,000 என்ற மிக விரைவான மின்துடிப்புகளை இடைவிடாமல் செலுத்திக்கொண்டிருந்தால், ஓய்வு முழுமையடையாத நிலையிலேயே இழைகள் வைக்கப்படுகின்றன; அப்போது ஒவ்வோர் இழையின் சவ்விலும் இயல்பாக உள்ள அயனி வாயில்களின் சிறு தற்செயல்கள் பெரிதாகி, இழைகள் ஒன்றையொன்று சாராமல் ஒழுங்கின்றித் துடிக்கத் தொடங்குகின்றன. வெளியிலிருந்து இரைச்சலை ஊட்டாமல், இழையிடம் எஞ்சியிருப்பதையே வெளிக்கொணரும் முறை இது. இதற்குக் கூடுதல் மின்னாற்றல் தேவைப்படுகிறது, பயனும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மின்னோட்டத்துக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு நரம்பிழைகளைச் சிறுசிறு குழுக்களாகத் தூண்டும் கருவிகளை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் டோபியாஸ் மோசரின் குழுவினர் விலங்குகளில் சோதித்து வருகின்றனர். அங்கும் மயிர்செல்லின் இணைப்பு தாண்டப்பட்டுவிடுவதால், அதன் தற்செயலுக்கு ஈடாக எதை வைப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.